படித்துறைப் பாட்டில்

1962 டிசம்பர் 3

குற்றாலத்திலிருந்து சிற்றாறு கொண்டுவரும் தண்ணீர்தான் எங்கள் குளத்துக்கு. மழை விட்டதும் பச்சைப் பாசி மூடிவிட்டது. படித்துறையில் ஊர்த்துணி துவைக்கும் முருகம்மாள்தான் காரணமாம். "சயின்ஸ் டீச்சர் நீங்க சோதிச்சு எழுதிக் குடுங்க, படித்துறைய மூடிருவோம்" என்கிறார் பஞ்சாயத்துத் தலைவர் ஆவுடைநாயகம். முடிவைச் சொல்லிவிட்டுச் சோதிக்கச் சொல்கிற முதல் மனிதர் இவர்தான்.

டிசம்பர் 10

பாசிக்குத் தீனி பாஸ்பேட். தண்ணீரில் அது இருந்தால் ஆய்வுக்கூட மருந்தை ஊற்றியதும் நீலம் பாயும். உதவியாளர் பிச்சுமணி இரண்டு பாட்டிலில் குளத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். ஆறு சேரும் இடத்துத் தண்ணீர் வெளுப்பு. படித்துறைத் தண்ணீர் நல்ல நீலம்.

டிசம்பர் 17

மறுபடியும் நீலம். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 20

படித்துறையை முள்ளடைத்துவிட்டார்கள். முருகம்மாள் வீட்டுக்கே வந்தாள். "கஞ்சிக்கு வழி அந்தத் தண்ணிதான டீச்சர்?" சோதனையில் தெரிந்ததைத்தானே எழுதினேன்?

1963 ஜனவரி 21

ஒரு மாதமாக யாரும் துவைக்கவில்லை. பாசி கூடியிருக்கிறது. ஏன்? மறுபடி தண்ணீர் எடுத்துவரச் சொன்னேன்.

ஜனவரி 22

பிச்சுமணி ஒரு பாட்டிலை மட்டும் குழாயடியில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இது துவைக்குத எடத்துப் பாட்டில்லா டீச்சர்? மத்ததோட சேக்கலாமா? சாம்பல் போட்டுத் தேச்சுதான் எப்பவும் கொண்டு போவேன்."

சாம்பல்! சாம்பலிலேயே பாஸ்பேட் கிடக்கிறதே. பாட்டிலைச் சோதித்துவிட்டுக் குளத்தைச் சோதித்ததாக எழுதியிருக்கிறேன். மண்டு. அவரைத் திட்டி என்ன? அந்தப் பாட்டிலை முதலில் தீட்டுப்போல அலமாரியில் வேறு தட்டில் ஒதுக்கி வைத்தது நான்தானே.

ஜனவரி 26

கொடியேற்றம் முடிந்ததும் புதுப் பாட்டில்களோடு நானே போனேன். படித்துறை வெளுப்பு. வயல் வாய்க்கால் குளத்தில் விழும் இடம் — கடும் நீலம். புரட்டாசியில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்ட வயல்கள். மழையில் புழுக்கை அத்தனையும் கரைந்து குளத்துக்கு வந்திருக்கிறது. வயல் ஆவுடைநாயகத்தினுடையது.

ஜனவரி 28

"எழுதிக் குடுத்தது குடுத்ததுதான் டீச்சர். போயி பாடத்த நடத்துங்க." புது முடிவைக் கொண்டுபோய்ச் சொன்னதற்கு ஆவுடைநாயகம் சிரித்துக்கொண்டே இப்படிச் சொல்கிறார். பற்றிக்கொண்டு வந்தது.

பிப்ரவரி 3

காலையில் முள்ளை விலக்கிவிட்டு என் சேலைகளைப் படித்துறையில் போட்டு அடித்தேன். கரையில் கூட்டம். ஆவுடைநாயகமும் நின்றார். "நான் எழுதுனது தப்பு, இந்தத் துறையில குத்தமில்ல" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். டீச்சரை யார் கையைப் பிடித்துத் தடுப்பது?

கூட்டத்திலிருந்து முருகம்மாள் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்படி அடிச்சா சேல கிழிஞ்சிரும். இங்கன குடுங்க."

வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.