திருநீற்று டப்பாவில் ஒரு மாத்திரை

ஆகஸ்ட் 28, 1974

இன்று குளிக்கும்போது பாடினேன். பாதிப் பாட்டில்தான் பாடுவது நான் என்று எனக்கே உறைத்தது. மீனாட்சி தோசையைக் கல்லிலேயே விட்டுவிட்டு ஓடிவந்து கதவைத் தட்டினாள். "உள்ள நீங்கதானா?" கருகிய தோசையைத் தின்றேன். ருசியாக இருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு ருசி!

கோபாலபுரம் டாக்டர் அனந்தராமன் சொன்னது சரிதான். "மனச்சோர்வு மாத்திரை உடனே கேக்காது, ஒரு மாசமாவது பொறுங்கோ" என்றார். இன்றோடு முப்பது நாள்.

செப்டம்பர் 3

ஆவணி முகூர்த்தக் கூட்டம். தி. நகரில் எங்கள் கடைக்குள் நிற்க இடமில்லை. வைகாசியிலிருந்து மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தவன், இன்று எழுந்து பட்டு உதறினேன். நான் உதறினால் முந்தானை வாடிக்கையாளர் மடியில் போய் விழும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. கல்லாவில் இருந்த நல்லசிவம் அண்ணன், "ஏலே இசக்கி, மெதுவாலே, சேலை கிழிஞ்சிரப் போகுது" என்றார். சிரிப்பை மறைக்க மீசையைத் தடவிக்கொண்டார்.

செப்டம்பர் 9

காலையில் காபி டம்ளரை எடுத்தேன். வலது கை வெட்டி இழுத்தது. காபி முழுக்கச் சுவரில்.

மீனாட்சி துணி எடுத்துவந்து சுவரைத் துடைத்தாள். இரண்டு பேருக்கும் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், வலிப்பு வருவதற்கு முந்தி இப்படித்தான் வெட்டும்.

செப்டம்பர் 10

இன்றும் வெட்டியது. புது மாத்திரை தொடங்கிய பிறகுதான் இது.

யார் மேல் கோபப்படுவது? "வேற மருந்து ஏதாவது சாப்பிடறேளா?" என்று டாக்டர் முதல் நாளே கேட்டார். நானும் மீனாட்சியும் ஒரே குரலில் "இல்லை" என்றோம். பொய் சொல்லும் நினைப்பே இல்லை. எங்கள் வீட்டில் வலிப்பு மாத்திரை மருந்தோடு சேர்த்தியே கிடையாது. தங்கச்சி சுந்தரவல்லிக்கு மாப்பிள்ளை பார்த்த வருஷம், அண்ணன் சீசாவைத் தூக்கி எறிந்துவிட்டு மாத்திரைகளைத் திருநீற்று டப்பாவுக்குள் புதைத்தார். "வலிப்புள்ள குடும்பம்னு தெரிஞ்சா எவன்லே பொண்ணு கட்டுவான்?" அன்றிலிருந்து சாமி கும்பிட்டு, நெற்றியில் பூசி, மாத்திரையை வாயில் போட்டுக்கொள்கிறேன். மாத்திரை தீர்ந்தால் அண்ணனே வாங்கி நிரப்பிவிடுவார். சுந்தரவல்லிக்கு மூன்று பிள்ளைகள் ஆகிவிட்டன. டப்பா மட்டும் மாறவில்லை.

சாயங்காலம் மீனாட்சி பிடித்துக்கொண்டாள். "டாக்டர்ட்ட போய்ச் சொல்லுங்க."

"சொன்னா புது மாத்திரைய நிறுத்திருவாரு. மறுபடியும் அந்த மூலையில போய் உக்காரவா? ஒருநாள் அது, ஒருநாள் இதுன்னு மாத்தி மாத்திப் போட்டுக்கிடுதேன்."

"நீங்க டாக்டரா? ஒங்களுக்குச் சேலைதான் உதறத் தெரியும்."

செப்டம்பர் 11

போகவில்லை. நாளைக்கு.

செப்டம்பர் 12

மேல் தட்டுச் சேலை கேட்டார்கள். ஏணியில் கால் வைத்தேன்; எடுத்துவிட்டேன். துரைராஜை ஏறச் சொன்னேன். பத்து வருஷமாக என்னோடு கடையில் நிற்கிறவன். "இன்னா அண்ணாத்தே, ஏணின்னா பயமா?" என்றான்.

பயம்தான். மேலேயிருந்து விழுந்துருவேனோன்னு பயம். பழையபடி சிரிப்பு போயிருமோன்னு அதைவிடப் பயம். நான் என்னதான் செய்ய?

செப்டம்பர் 13

டப்பாவை டாக்டர் மேசைமேல் வைத்தேன். அவர் கோயில் பிரசாதம் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பக்தியோடு விரலை உள்ளே விட்டார். மாத்திரை தட்டுப்பட்டது. மீனாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளே எல்லாவற்றையும் சொன்னாள்.

நன்றாகத் திட்டினார். "நான் கொடுத்தது சிலபேருக்கு வலிப்பைக் கிளப்பும். இது அதோட பலத்தைக் குறைக்கும். ரெண்டும் தெரிஞ்சாத்தானே நான் அளவு பாக்க முடியும்?"

"நிறுத்திருவீங்களா?" என்றேன்.

"குறைச்சுப் பாக்கலாம். வாராவாரம் வாங்கோ. ரெண்டுல எதையும் நீங்களா நிறுத்தப்படாது. ஏணி கூடாது. கடையில எல்லாருக்கும் தெரியணும். விழுந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்க ஆள் வேணுமே."

நிறுத்தவில்லை! வரும் வழியில் மீனாட்சிக்கு ஒரு முழம் மல்லிகை.

செப்டம்பர் 14

அண்ணனிடம் சொன்னேன். "கடையில எல்லாருக்கும் தெரியணுமாம் அண்ணே." எழுந்து போய்விட்டார்.

செப்டம்பர் 26

கை வெட்டி ஒன்பது நாள் ஆகிறது. அளவைக் குறைத்ததும் இரண்டு நாள் மனசு மந்தமாக இருந்தது; இன்று சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை போட்டேன். மீனாட்சிக்கு ஒரே சந்தோஷம்.

துரைராஜிடம் நானே சொல்லிவிட்டேன். "அவ்ளோதானா? வலிப்பு இஸ்துக்கினா கையில சாவி குடுக்கணுமா?" என்றான். சாவி வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்றேன். அண்ணன் மட்டும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அக்டோபர் 19

டாக்டருக்குத் திருப்தி. இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதுமாம்.

நவம்பர் 8

தீபாவளிக் கூட்டம். சாப்பாட்டு நேரம் தாண்டியும் உதறிக்கொண்டே இருந்தேன். அடையாறிலிருந்து வந்த ஓர் அம்மாள் எட்டாவது சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லாவிலிருந்து அண்ணன் கடை அதிரக் கத்தினார்:

"ஏலே இசக்கி! மாத்திரை ரெண்டும் போட்டியாலே?"

கையிலிருந்த சேலை பாதி உதறலில் நின்றது. "என்ன மாத்திரை?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஒண்ணு வலிப்புக்கு, ஒண்ணு மனசுக்கு. நீங்க பார்டரப் பாருங்கம்மா" என்றார் அண்ணன்.

கண் நிறைந்துவிட்டது. "போட்டுட்டேன் அண்ணே" என்றேன். அந்த அம்மாள் இரண்டு சேலை எடுத்துக்கொண்டார்.