நம் சடைகளைக் கட்டிய வரவேற்பு

இன்று காலை எங்கள் கல்லூரியில் கோ-கோ அணிக்குப் புதுப் பெண்களைத் தேர்ந்தெடுத்தோம். ஓடி முடித்து மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்ற ஒருத்தியின் தலையிலிருந்து விளக்கெண்ணெய் வாசனை வந்தது. எந்த ஊர் என்று கேட்டேன். கொள்ளேகால் பக்கம் என்றாள். உன் ஹனூர் இருக்கிற பக்கம். முகத்தைத் திருப்பிக்கொண்டு விசிலை ஊதிவிட்டேன். எதற்கு விசில் என்று தெரியாமல் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. மைசூரில் இன்னும் விளக்கெண்ணெய் தடவுகிற தலை ஒன்று இருக்கிறது என்று உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்த எண்ணெய்க்காக உன்னை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன். உன் தலையில் உட்கார்ந்தால் ஈகூட வழுக்கி விழும் என்பேன். "விழுந்தா எந்திரிச்சுப் போவுது, உனக்கென்ன புள்ள" என்பாய். ஹனூர் வாய்க்கு மைசூர் வாய் என்றைக்கும் ஈடு கொடுத்ததில்லை.

நாம் பழகியதே தலைமுடியால்தான். அணியில் சேர்ந்த முதல் நாள், மூத்த அக்காமார் புதியவர்களை டிரெஸ்ஸிங் ரூமில் நிறுத்தி, இருவர் இருவராகச் சடைகளை நனைத்து முடிச்சுப் போட்டு, மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். அதற்கு 'ஸ்வாகதம்' என்று பெயர். வரவேற்பாம். என் சடை உன் சடையோடு மாட்டிக்கொண்டது. நீ நெட்டை, நான் குட்டை; நீ ஓர் எட்டு வைத்தால் எனக்குக் கழுத்து ஒடியும். வேலியோரம் பையன்கள் நின்று கைதட்டினார்கள். நான் விழுந்தேன், என்மேல் நீ விழுந்தாய். அக்காமார் சிரித்து முடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

முடிச்சு இறுகிக் கிடந்தது. கத்தரிக்கோல் கேட்டு நான் அழுதேன். "சும்மா இரு புள்ள, தலைய ஆட்டாத" என்று அதட்டி, சடைகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, இழை இழையாக நீ பிரித்தாய். அன்றைக்கு உன் விளக்கெண்ணெய்தான் நம் முடியைக் காப்பாற்றியது. ஆனால் நம்மோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேர் மறுநாள் வரவில்லை. அதில் ஒருத்தி நம் எல்லாரையும்விட வேகமாக ஓடுகிறவள். அவர்களைப் பற்றி அணியில் யாரும் பேசவே இல்லை.

கடைசி வருஷம் நீ கேப்டன் ஆனாய். ஸ்வாகதம் கிடையாது என்றாய். நம்மோடு படித்த பிரேமாவுக்கு அது பிடிக்கவில்லை. அவள்தான் நம் அணியில் முதல் ஓட்டக்காரி. "நாம பட்டதை அவங்களும் படட்டுமேடி. அப்போதானே ஒரு ஒட்டுதல் வரும்? நீங்க ரெண்டு பேரும் அப்படித்தானே ஃபிரண்ட்ஸ் ஆனீங்க?" என்று கேட்டாள். எனக்கு அவள் சொன்னது உண்மை மாதிரியே இருந்தது. நீ ஷூ நாடாவை இழுத்துக்கொண்டே சொன்னாய்: "கட்டுனதுல வரல பிரேமா. அவுக்கறப்ப வந்துச்சு."

அப்படியானால் ஆட வரமாட்டோம் என்று அவளும் இன்னும் மூன்று பேரும் விலகினார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி நெருங்கிவிட்டிருந்தது. உனக்கு அது வெறும் போட்டி இல்லை. அதில் ஜெயித்தால் பல்கலைக்கழக அணி, அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை. காக்கி உடுப்போடு ஹனூர் பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டும் என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய். விளையாட்டு ஆசிரியர்கூட, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, ஒரு நாள் கூத்துதானே" என்றார்.

நீ அட்ஜஸ்ட் செய்துகொள்ளவில்லை. தினமும் பயிற்சி முடிந்ததும் டிரெஸ்ஸிங் ரூம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாய். கடைசிப் புதுப்பெண் உடை மாற்றிக் கிளம்பும்வரை எழுந்திருக்கவில்லை. போட்டியில் அந்தப் புதியவர்களையே இறக்கினாய். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். நான் மூலையில் நின்று அழுதேன். நீயோ எல்லாருக்கும் சுருமுரிப் பொரி வாங்கிக் கொடுத்து, யார் யார் தப்பான பக்கம் திரும்பினார்கள் என்று வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தாய்.

அந்தப் புதியவர்களில் ஒருத்தியும் அணியை விட்டுப் போகவில்லை. அடுத்த வருஷம் அவர்கள் மூத்தவர்கள் ஆனபோது ஸ்வாகதம் நடக்கவில்லை. தங்களுக்கு யாரும் செய்யாததை அவர்கள் எங்கே போய்க் கற்றுக்கொள்வார்கள்? நான் போய்ப் பார்த்துவிட்டு உனக்கு ஃபோனில் சொன்னேன். "அப்பச் செரி" என்றாய். பின்னால் உன் ஊர் மஞ்சள் காட்டில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது.

பல வருஷம் கழித்து உன் காட்டு வரப்பில் உட்கார்ந்து, அந்தப் போலீஸ் வேலை கிடைக்காமல் போனதில் வருத்தம் இல்லையா என்று கேட்டேன். "இல்லாம இருக்குமா? இருக்குது. அதுக்காகப் புள்ளைங்க சடையப் புடிச்சா மேல ஏறுறது?" என்றாய்.

இப்போது நான் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் கல்லூரியின் வாசலில் ராகிங் தடை என்று பெரிய பலகை இருக்கிறது. சேரும்போதே எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்கள். வேண்டியதுதான். ஆனால் பலகை எழுந்து டிரெஸ்ஸிங் ரூமுக்கு வராது. இன்று சாயங்காலம் அணித்தலைவி என்னிடம் வந்து, "மேடம், புதுப் பொண்ணுங்களுக்கு நாங்களே ஒரு வெல்கம் குடுக்கறோம். சும்மா தமாஷ். நீங்க கிளம்புங்க" என்றாள். "தாராளமா குடு கண்ணு. நானும் இருந்து பாக்கறேன்" என்றேன். அவள் முகம் சுருங்கியது. அப்படியானால் வேண்டாம் மேடம் என்று போய்விட்டாள். நான் டிரெஸ்ஸிங் ரூம் வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

உன்னை நினைத்தால் மனசு அமைதியாகிறது என்று எழுதத்தான் ஆசை. ஆவதில்லை. நீ எல்லாக் கோபத்தையும் விட்டுவிட்டாய். புதுவீடு புகுந்தபோது பிரேமாவைக் கூப்பிட்டு உன் கையாலேயே இலை போட்டுப் பரிமாறினாய். எனக்கு அந்தப் பெரிய மனசு இல்லை. நியாயமாக நடந்ததற்காக அந்த வேலை உன் கையைவிட்டுப் போயிருக்கக் கூடாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. அதைச் சுமந்துகொண்டுதான் ஒவ்வொரு வருஷமும் அந்த வாசலில் போய் உட்காருகிறேன். அது ஆறிவிட்டால் நானும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவேன், புள்ள.