பதினெட்டு இஞ்ச் அம்மன், முப்பத்தெட்டு இஞ்ச் அம்மா

மே 5, செவ்வாய்

காலையில் நல்ல வெயில். பதினொரு மணிக்கே மூடுபனி. கொடியில் போட்ட துணி பழைய ஈரத்துக்கே போய்விட்டது.

விடுமுறையில் செய்ய வேண்டியவை:
1. பள்ளி நூலகத்தில் எடுத்த கலைக்களஞ்சியம், மூன்றாம் தொகுதி. (‘எ’ வரை வந்தாயிற்று. எகிப்து, எரிமலை, எலி.)
2. பத்தாம் வகுப்புக் கணக்கு. இன்னும் தொடவில்லை.
3. அம்மாவுக்குக் காவல்.

மூன்றாவதற்கு விளக்கம் தேவை. எங்கள் மலையூரான வில்பட்டியின் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே அம்மாவின் தையல் கடை. மே மாதம் என்றால் யூனிபார்ம் மலைபோல் குவிந்து கிடக்கும். ஆனாலும் தினமும் இரண்டு மணிக்கு அம்மா ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, இரண்டு மெஷினுக்கும் நடுவில் பெல்லி டான்ஸ் ஆடுவாள். நான் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் “அம்மா சாப்பிடுறாங்க” என்று சொல்ல வேண்டும். இன்று நான்கு பேர் வந்தார்கள். நான்காவது, கேரட் காட்டில் வேலை பார்க்கும் பஞ்சவர்ணம் அக்கா.

“ஏண்டி கயலு, உங்கம்மா ஒரு மணி நேரமாவா திங்கிறா? அதுவும் ஜல்லு ஜல்லுன்னு சத்தத்தோட?”

எனக்குப் பொய் சரளமாக வராது. “அப்பளம்” என்றேன்.

எப்படி ஆரம்பித்தது என்றும் எழுதிவைக்கிறேன். போன வருடம் பெங்களூரிலிருந்து வந்து இங்கே ஒரு விடுதியை எடுத்து நடத்தும் மீரா மேடம் (இனி மீ.மே.) கிழிந்த ஆட்ட உடை ஒன்றைத் தைக்கக் கொண்டுவந்தார். எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க அம்மா அதை மொத்தமாகப் பிரித்தாள். மறுபடி சேர்த்தாள். சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான், போனவள் திரும்பி வரவில்லை. இப்போது மீ.மே. நடத்தும் வகுப்பில் அம்மாதான் மூத்த மாணவி. வயது 41. வரும் ஞாயிறு மாலை விடுதிப் புல்வெளியில் நிகழ்ச்சி. அம்மாவுக்குத் தனியாக மூன்றரை நிமிடம்.

அப்பாவுக்குத் தெரிந்தது: அம்மா உடை தைக்கிறாள். அப்பாவுக்குத் தெரியாதது: அந்த உடைக்குள் இருக்கப்போவது யார் என்று.

உடை நிலவரம்: பாவாடை முடிந்தது. மேல்சட்டை முடிந்தது (முழங்கை வரை கை. வயிற்றுக்கு உடம்பு நிறத்தில் லைனிங். அதற்குள் குளிருக்கு ஒரு உல்லன் பனியன். வயிறு தெரியாத பெல்லி டான்ஸ் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும்). இடுப்புப் பட்டை பாதியில் நிற்கிறது. நீலப் பாசி தீர்ந்துவிட்டது. வியாழன் பழனி போகிறோம்.

மே 7, வியாழன்

வெள்ளனே ஆறு மணி பஸ். எலுமிச்சம்பழம் மோந்தும் பயனில்லை. நான் இரண்டு முறை, பக்கத்து சீட் பையன் மூன்று முறை.

பழனியில் காவடி அலங்காரச் சாமான் விற்கும் கடை. ஜரிகை, ஜமிக்கி, குஞ்சம், மயிலிறகு, சரம் சரமாய்க் கண்ணாடிப் பாசி. கடைக்கார பாய்க்கு அம்மாவின் அப்பா வயது. அம்மா பாசியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்ததிலேயே தொழில் தெரிந்தவள் என்று கண்டுகொண்டார்.

“சாமிக்குத்தானம்மா?”

அம்மா என்னைப் பார்த்தாள். பாசியைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். மேலும் கீழுமாக.

பாய் இன்னும் ஆறு சரம் எடுத்துப் பொட்டலத்தில் வைத்தார். “இது நம்ம பங்கு. சாத்துனதும் ஒரு போட்டோ மட்டும் அனுப்பி விட்ருங்க. நானும் பாத்துக்கிருவேன்ல.” அம்மாவின் போன் நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அம்மா வெயிலில் அப்படியே நின்றாள்.

“நான் வாயைத் தொறந்து எதுவும் சொல்லலல்ல?”

“தலையை ஆட்டுனீங்க.”

“ஆட்டுனது பொய்யாகுமா?”

ஆகும் என்றேன். திரும்பும்போது அம்மா என்னோடு பேசவில்லை. நானும் வாந்தி எடுக்கவில்லை.

மே 8, வெள்ளி

காலை மழை. மத்தியானம் அதிர்ச்சி. சாயங்காலம் அதைவிட.

எட்டு மணிக்குப் பட்டை முடிந்தது. ஆறடித் தூரத்திலிருந்து பார்த்தால் ஏரியில் வெயில் பட்டதுபோல் இருக்கிறது. பாய் பாசியும் நம் பாசியும் ஒரே நீலம். எது யாருடையது என்று பாசிக்கே தெரியாது.

பன்னிரண்டு மணிக்கு அப்பா சவாரி ஜீப்பை நிறுத்திவிட்டுக் கடைக்குள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் கை நூலில் இருந்ததால் அவள் போனில் வந்த குரல் மெசேஜை அவரே அமுக்கினார். பாயின் குரல்: “யம்மா, சாமிக்குச் சாத்தியாச்சா? போட்டோ வரலையே.”

அப்பா: “எந்தச் சாமிக்கு?”

அம்மா ரசத்தைப் பார்த்துக்கொண்டு: “நம்ம அம்மனுக்குத்தான்.”

முதல் பொய் தலையால். இரண்டாவது வாயால். அப்பா எழுந்து மேஜையில் கிடந்த பட்டையைச் சாப்பிட்ட கை படாமல் குனிந்து பார்த்தார். “ஏ தனம், ஒரு வார்த்த சொல்லலயே நீ!” கண் கலங்கிவிட்டது அவருக்கு.

ஐந்து மணிக்கு அப்பாவோடு கோயில் கமிட்டிச் செயலாளர் வந்தார். அப்பாவுடைய நண்பர், நான் மாமா என்று கூப்பிடுவேன். அடுத்த வாரம் அம்மன் கோயில் திருவிழா. பூசாரியை விட்டு நூல் பிடித்து அம்மன் இடுப்பளவு எடுத்து வந்திருந்தார். மஞ்சள் நூல். அம்மாவின் டேப்பில் வைத்துப் பார்த்தோம். பதினெட்டு இஞ்ச்.

பட்டையையும் விரித்து அளந்தார். முப்பத்தெட்டு.

“ஏம்மா, இது அம்மனுக்கா, தேருக்கா?”

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

“அம்மனுக்கும் இல்ல, தேருக்கும் இல்லண்ணே. எனக்கு. அது என் அளவு.”

“உங்களுக்கா? எதுக்கு?”

“ஆட.”

பஸ் ஒன்று வந்து, ஆள் இறங்கி, ஏறி, போய்விட்டது. அம்மாவே தொடர்ந்தாள். பாய் கடை, தலையாட்டல், ரசம் பார்த்துச் சொன்னது, ஞாயிற்றுக்கிழமை, மூன்றரை நிமிடம். எதையும் விடவில்லை.

அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் மாமாவைப் பார்த்தேன். அவருடைய கவலையே வேறு.

“அதெல்லாம் கெடக்கட்டும்மா. நோட்டீஸ் அச்சாயிருச்சே! ‘ஒட்டியாணம் உபயம்: ஜீப் முருகேசன் குடும்பத்தார்.’ ஐந்நூறு நோட்டீஸு. உங்க வீட்டுக்காரரு போன்ல சொன்ன உடனே சேத்து விட்டேன்.”

“உபயம்னு போட்டுட்டா குடுத்துத்தான் ஆகணும்” என்றார் அப்பா. யாரையும் பார்க்காமல், டயரைப் பார்த்து.

“குடுப்பேன்” என்றாள் அம்மா. “பாய் சாமிக்குன்னு குடுத்த பாசி. மொதல்லயே அங்கதான் போயிருக்கணும்.”

மே 9, சனி

வெயில். ஊரில் சீசன் கூட்டம், ரோடெல்லாம் வண்டி. அப்பா சவாரிக்குப் போகாமல் ஜீப்பை இரண்டு முறை கழுவினார்.

அம்மா விடிந்ததும் பட்டையைப் பிரிக்க ஆரம்பித்தாள். பாய் கொடுத்தது ஆறு சரம்தான், அதை மட்டும் எடுத்தால் போதாதா என்றேன். எது எதுவென்று தெரியாதபோது எல்லாம் அம்மனுடையதுதானாம். மூன்று வாரம் தைத்தது ஒன்றரை மணி நேரத்தில் வெறும் கேன்வாஸ். பதினெட்டு இஞ்ச் ஒட்டியாணம் பதினொரு மணிக்குத் தயார். மூன்று வரிசைப் பாசி, கீழே குஞ்சம். அம்மா தைத்ததிலேயே இதுதான் அழகு. அவளுக்கும் அது தெரியும். அதனாலேயே முகம் அப்படி.

கமிட்டி மாமா வாங்கிக்கொண்டு போனார். பூசாரி சாத்திப் பார்த்துப் படம் அனுப்பினார். அம்மா அதைப் பாய்க்கு அனுப்பினாள். கூடவே மைக்கை அமுக்கி எல்லா உண்மையையும் சொன்னாள். அரை மணி நேரம் பதில் இல்லை. நான் நகம் கடித்தேன். பிறகு வந்தது:

“படம் பாத்தேன்மா, நல்லாயிருக்கு. ஆடுற சோலிக்குன்னு அப்பவே சொல்லியிருந்தா கண்ணாடிப் பாசி குடுத்திருக்கவே மாட்டேனே! ஒடஞ்சு காலுல குத்திரும். அதுக்குப் பிளாஸ்டிக்குத்தான்.”

இன்னொரு தடவை பழனி போக நேரமில்லை. அம்மா மெஷினுக்குக் கீழே இருந்த ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தாள். போன வருடம் எங்கள் பள்ளி வேண்டாமென்று திருப்பிய பெல்ட் பக்கிள்கள். பள்ளிச் சின்னமான விளக்கு தலைகீழாக அச்சாகியிருந்தது. அறுபது எடுத்து வரிசையாகத் தைத்தாள். சத்தம் பாசியைவிட மூன்று மடங்கு. இடுப்பில் அறுபது கல்வி விளக்குகள் தலைகீழாக எரிய அம்மா ஆடப்போகிறாள். தலைமையாசிரியை கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருப்பது நல்லது.

சமையலறையில் அப்பாவும் அம்மாவும் பேசியது (நான் ஒட்டுக்கேட்கவில்லை, சுவர் மெல்லியது):

“எத்தன மாசமா?”

“பதினாலு.”

“என்கிட்ட சொல்லணும்னு தோணலயா?”

“சொன்னா வேணாம்பீங்க. வேணாம்னு சொன்ன பெறகு ஆடுனா அது மீறுறது. சொல்லாம ஆடுனா அது ப்ராக்டீஸு.”

“ஊரு என்ன சொல்லும்?”

“யூனிபார்ம் எப்ப ரெடியாகும்னு கேக்கும்.”

“எனக்கு நாளைக்குச் சவாரி இருக்கு. நான் வரமாட்டேன்.”

“வாங்கன்னு நான் சொல்லவே இல்லையே.”

ஆனால் அம்மாவின் கரண்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது. எடுக்கும் சத்தம் வர வெகுநேரம் ஆயிற்று.

மே 10, ஞாயிறு

4.45. விடுதிப் புல்வெளியிலிருந்தே எழுதுகிறேன். மழை நின்றுவிட்டது. புல் ஈரம். ஐம்பது நாற்காலி. சுற்றுலாக்காரர்கள், சில உள்ளூர்க்காரர்கள். பஞ்சவர்ணம் அக்கா இரண்டாவது வரிசையில்! என்னைப் பார்த்து, “அப்பளம் எப்படி நொறுங்குதுன்னு பாக்க வந்தேன்” என்றாள்.

அப்பா இல்லை. அம்மா திரைக்குப் பின்னாலிருந்து மூன்று முறை எட்டிப் பார்த்தாள். கூட்டம் எவ்வளவு என்று பார்ப்பதாகச் சொன்னாள். ஆனால் வாசல் கேட்டையே பார்த்தாள்.

5.20. ஆடிவிட்டாள். அவசரமாக எழுதுகிறேன். தோள் அசையவே இல்லை, இடுப்பு மட்டும் எட்டுப் போட்டது. கைகள் தண்ணீருக்குள் இருப்பதுபோல் மெதுவாக. பக்கிள் சத்தம் முதலில் தகரக் கடை மாதிரி இருந்தது. பிறகு பாட்டோடு சேர்ந்துகொண்டது. ஓர் இடத்தில் அம்மா நின்று, வயிற்றை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றினாள். பனியனையும் மீறி அது தெரிந்தது. பஞ்சவர்ணம் அக்கா விசிலடித்தாள். இது என் அம்மா என்று பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதரிடம் இரண்டு முறை சொன்னேன்.

5.30. அப்பா! கைதட்டல் அடங்கிய பிறகு, சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து, கடைசி வரிசையில்.

“முடிஞ்சிருச்சா?”

“அம்மா ஆடி முடிச்சிட்டாங்கப்பா. மூன்றரை நிமிஷம்தான்.”

“ஒரு மணி நேரமாவது இருக்கும்னுல நெனச்சேன்! ரெண்டு தடவ கேட்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். மூணாவது தடவ வந்தா பார்க்கிங் இல்ல. நிறுத்த எடம் தேடி ஏரியச் சுத்திட்டு இப்பத்தான் ஓடி வர்றேன்.”

அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“பாப்பா, இன்னொரு தடவ கேட்டா ஆடுவாளான்னு கேளு.”

“மொத வரிசையில வந்து உக்காரச் சொல்லு. ஓரமா நின்னு பாக்குறதா இருந்தா ஆடமாட்டேன்னு சொல்லு.”

முதல் வரிசையில் இடமில்லை. அப்பா ஈரப் புல்லில், எல்லோருக்கும் முன்னால், சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா மீ.மே.யிடம் போகிறாள். மீ.மே. சிரிக்கிறார். சால்வையை எடுத்தாயிற்று. பாட்டைப் போடப்போகிறார்கள். பேனாவை மூடுகிறேன்.