வயலின் வேண்டாம்

உங்களுக்கு,

பட விழாவில் நம் ஆவணப்படம் தேர்வாகிவிட்டதாம். என்னைக் கேட்காமல் அனுப்பியதே அதிகம். அதில் வயலின் வேறு சேர்த்திருக்கிறீர்கள்! மகன் பேசுவதில்லை என்று சொல்லிவிட்டுச் சலவைக்காரம்மா மௌனமாகப் போர்வை மடிக்கும் இடத்தில் இசை கூடாது என்று எத்தனை முறை சொன்னேன்?

அவரையே அழைத்துப் போட்டுக் காட்டினேன். "ஏம்மா, நான் என்ன செத்தா போயிட்டேன்? எதுக்கு இந்த அழுகை?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் ஒலிப்பதிவுகளைத் திறந்து பார்த்தேன். அந்தக் காட்சியில் லாரிச் சத்தம் விழுந்திருக்கிறது. அதை நீக்கிவிட்டு ஒட்டுவதற்கு, யாரும் பேசாதபோது அறையில் இருக்கும் வெறும் ஓசையைத் தனியே பதிவு செய்திருக்க வேண்டும். எல்லா அறைகளுக்கும் செய்திருக்கிறீர்கள், சலவைக்கூடத்தை மட்டும் மறந்துவிட்டீர்கள். அதை மூடி மறைக்கத்தான் வயலின். சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், அவ்வளவுதானே? என்னிடம் திட்டு வாங்காதவரா நீங்கள்?

படத்தை விழாவிலிருந்து திரும்பப் பெற்றுவிட்டேன். "மாமா ஆசையா அனுப்பினதைப் போய் வாபஸ் வாங்குவியா? உனக்கென்ன கிறுக்கா?" என்று என் தங்கை கத்தினாள். கத்தட்டும். வரும் வருடம் எனக்கு ஒரே வேலை, இந்தப் படத்தை நான் நினைத்தபடி முடிப்பது.

சலவைக்கூடத்தை மார்ச்சில் இடிக்கிறார்கள். உங்கள் அக்கா வீட்டில் ஒளிந்திருந்தது போதும், அதற்குள் மைக்கோடு வந்து சேருங்கள். வேறு ஆள் கிடைக்காமல் இல்லை, தேட மனமில்லை. பதிவு முடியும்வரை நாம் இருவரும் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். இப்போது நமக்கு அது கஷ்டமாக இருக்காது.

இயக்குநர்,
உங்கள் மனைவியும்தான்.