டிக்கியில் இரண்டு சப்வூஃபர்

மார்ச் 3, செவ்வாய்

இன்று டிக்கியில் சூட்கேஸ் வைக்க முயன்றேன். இடம் இல்லை. டிக்கி முழுவதையும் அவருடைய பெட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. கறுப்புத் துணி ஒட்டிய மரப்பெட்டி. அதில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இரண்டு சப்வூஃபர், கனத்த தாளச் சத்தத்துக்கென்றே உள்ள ஸ்பீக்கர்கள்.

நானும் அவரும் பிரிந்தபோது வக்கீல் செய்த ஏற்பாடு இது: கார் எனக்கு, காரில் முடுக்கியது காரோடு, கழற்ற வருவது அவரோடு. பெட்டியை இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருந்தார்கள், என்னிடம் வந்தது. அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் நாலே ஸ்க்ரூவில் கழன்றது, அவரோடு போனது. ஒன்றில்லாமல் இன்னொன்று முனகக்கூட முனகாது. நியாயமான பங்கீடு என்றார் வக்கீல்.

சூட்கேஸ் பின்சீட்டில் போனது.

மார்ச் 8, ஞாயிறு

பெட்டியை விற்றுவிடலாம் என்று பழைய கார் ஆடியோ கடைக்குப் போனேன். டயர் கடைக்கும் பேட்டரி கடைக்கும் நடுவில் செருகிவைத்த மாதிரி ஒரு கடை. கடைக்காரர் டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா வெறும் பெட்டியை யாரும் தொட மாட்டாங்க. பொருத்தமான பழைய ஆம்ப் ஒண்ணு சேர்த்து, ஓடவிட்டுக் காட்டுங்க, உடனே போயிடும்."

"பொருத்தமானதுன்னா?"

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து லென்ஸ் போட்டுக் கொடுக்கிறேன் என்றேன்.

"அப்ப உங்களுக்கு நான் சொல்லணுமா? அடுத்தவங்க கண்ணாடியைப் போட்டா தலை வலிக்கும்ல, அதேதான். இங்க தலை வலிக்காது, புகை வரும்."

பிறகு துணியில் கையைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. இந்தப் பெட்டியை மாட்டினதே நான்தான். சார் போன வாரம் வந்திருந்தார். ஆம்ப் இருக்கு, அதுக்கேத்த பழைய பெட்டி கிடைக்குமான்னு கேட்டார். நான் வேணா அவர்கிட்ட ஒரு வார்த்தை..."

"வேண்டாம்."

"அவரும் அதான் சொன்னார்."

மார்ச் 10, செவ்வாய்

அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "அந்த மனுஷன்கிட்ட ஒரு போன் பண்ணிக் கேட்டா முடிஞ்சுது. எதுக்குடி கடை கடையா ஏறி இறங்குறே?"

கேட்கலாம். கேட்டால் கொடுத்துவிடுவார். அதுதான் சிக்கல்.

மார்ச் 14, சனி

எங்கள் கண்ணாடிக் கடையில் கூட்டம் இல்லை. உட்கார்ந்து போனில் ஆம்ப் பற்றிப் படித்தேன்.

என் சப்வூஃபர் ஒவ்வொன்றின் மின்தடையும் நாலு ஓம். இரண்டையும் பக்கவாட்டில் இணைத்தால் இரண்டு ஓம் ஆகிவிடும். ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் எட்டு. ஓம் குறையக் குறைய ஆம்ப் அதிகமாகக் கொட்ட வேண்டும். எல்லா ஆம்ப்பும் இரண்டு ஓமைத் தாங்காது. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு சத்தம் வரும் என்பதல்ல, எதுவரை தாங்கும் என்பது.

வாட்ஸ் விஷயத்தில் உலகமே பொய் சொல்கிறது. மேலே பெரிதாக எழுதியிருப்பது ஒரு நொடி துள்ளும்போது வருவது. நின்று நிதானமாகத் தருவது உள்ளே சின்ன எழுத்தில் இருக்கிறது. பெண் கேட்டு வருகிறவர்கள் சொல்லும் சம்பளம் மாதிரி. கைக்கு எவ்வளவு வருகிறது என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அதையும் நம்பாவிட்டால் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பார், அதற்கு மேல் ஆம்ப்பால் தர முடியாது என்று போட்டிருந்தது. ஃபியூஸ் பொய் சொல்லாதாம்.

மார்ச் 15, ஞாயிறு

காரை விற்றுவிட்ட ஒரு ஜிம் மாஸ்டரிடம் ஆம்ப் வாங்கினேன். லேபிளில் இரண்டாயிரம் வாட்ஸ் என்று தங்க எழுத்தில் இருந்தது. ஃபியூஸைப் பார்த்தேன். அதில் கால்வாசி கூடத் தேறாது.

தெரிந்தே வாங்கினேன். சுவிட்சைப் போட்டதும் நீல விளக்கு அழகாக எரிந்தது. நாளெல்லாம் ஃப்ரேமைப் பார்த்துக் கண்ணாடி வாங்குகிறவர்களை உள்ளுக்குள் திட்டுகிறவள் நான்.

மார்ச் 17, செவ்வாய்

கடைக்காரர் மாட்டிக் கொடுத்தார். "இது நாலு ஓமுக்குக் கீழ தாங்காது. அதனால ஒண்ணு பின்னாடி ஒண்ணா போட்டிருக்கேன். சத்தம் கொஞ்சம் கம்மிதான், ஆனா விக்கிறதுக்குப் போதும். நீங்களா வயரை மாத்தி ரெண்டு ஓமுக்கு இறக்கிடாதீங்க."

மூடிய அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல மெதுவாகத்தான் கேட்டது. வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் பாட்டு முடியட்டும் என்று காரிலேயே உட்கார்ந்திருந்தேன். முடிந்தது. அடுத்தது தொடங்கியது. அதையும் கேட்டேன். ஜன்னல்களில் வெளிச்சம் இல்லை, உள்ளே போய் நான்தான் போட வேண்டும்.

அவரும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். வேலை முடிந்து வந்து, வாசலில் காரை நிறுத்தி, இறங்காமல். நான் எத்தனை மாலைகள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பேன்! நான் உள்ளே போக யோசிப்பது ஆள் இல்லாத வீட்டுக்குள். அவர் யோசித்தது நான் இருந்த வீட்டுக்குள்.

இதற்கு மேல் எழுத வேண்டாம்.

மார்ச் 20, வெள்ளி

பெட்டியும் ஆம்ப்பும் வாங்க ஒருவர் வந்தார். கேட்டார், தலையை ஆட்டினார், பிடித்துவிட்டது. விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். "அப்புறம் எதுக்குங்க வரச் சொன்னீங்க?" என்றார். நல்ல கேள்வி.

மார்ச் 22, ஞாயிறு

வயரை மாற்றிவிட்டேன்.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒரு முனையைக் கழற்றி இன்னொன்றோடு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சத்தம் என்றால் அதுதான் சத்தம். கண்ணாடி நடுங்கியது, என் முதுகெலும்பு நடுங்கியது. எதிர்வீட்டுக்காரர் பால்கனிக்கு வந்து, வானத்தைப் பார்த்துவிட்டு, காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் சூடேறி, நீல விளக்கு சிவப்பாகி, பாட்டு நின்றுவிட்டது. ஆற விட்டேன். மறுபடி போட்டேன். மறுபடி சிவப்பு. நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தலை? யாருக்கு என்ன காட்டணும் நான்? இருந்த கோபத்துல இன்னும் ஏத்தினேன். புகை வந்தது.

ஆம்ப் செத்துப்போனது. போகும்போது இடதுபக்க சப்வூஃபரையும் துணைக்குக் கூட்டிப்போனது.

மார்ச் 23, திங்கள்

கண் பரிசோதிக்க வந்தவர், "அடுப்புல எதையாவது வச்சிட்டு வந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டார். என் மேல்தான் நாற்றம்.

மார்ச் 25, புதன்

எரிந்ததை நேற்று காட்டியிருந்தேன், கடைக்காரர் வாய் சும்மா இருக்காது. மாலை அவர் போன் செய்தார். பிரிந்த பிறகு முதல்முறை.

"ஒண்ணு எரிஞ்சிடுச்சாமே."

"ஆமா."

"எந்தப் பக்கம்?"

"இடது."

"ம்."

வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

இதை முதலில் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டார்.

மார்ச் 29, ஞாயிறு

வந்தார். துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையை எடுத்து வருவது மாதிரி ஆம்ப்பைத் தூக்கி வந்தார்.

"மிச்சம் இருக்கிற ஒண்ணுக்கு இது தாராளம். நாலு ஓம்ல அலட்டிக்காம ஓடும். சூடே ஏறாது."

"உங்களுக்கு வேண்டாமா?"

"அலமாரி மேல சும்மாத்தான் கிடக்கு. பக்கத்துல பூந்தொட்டி வச்சிருக்கேன்."

தலையை டிக்கிக்குள் விட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். நான் டார்ச் பிடித்தேன். முகம் தெரியாதபோது கேட்பது சுலபம். கேட்டேன்: "சாயங்காலம் வந்ததும் ஏன் உள்ள வராம கார்லயே உட்கார்ந்திருப்பீங்க? என்னைப் பாக்கப் பிடிக்காமலா?"

ஸ்க்ரூட்ரைவர் நின்றது.

"நீ உங்க அக்காகிட்ட பேசிச் சிரிச்சிட்டு இருப்பே. வாசல் வரைக்கும் கேக்கும். நான் உள்ள வந்தா சட்டுனு போனை வச்சிட்டு, முகத்தைத் தூக்கி வச்சுக்குவே. எனக்கு என்னவோ மாதிரி இருக்கும். முடிக்கட்டும்னுதான் உட்கார்ந்திருப்பேன். சும்மா உட்கார முடியாதில்ல, அதான் பாட்டு."

நான் சொன்னேன்: "நீங்க உள்ள வரலைன்னுதானே நான் அவளுக்கு போன் போட்டேன்! அவகிட்ட பேசலைன்னா அந்த நேரத்துல நான் என்ன பண்ணுவேன், சுவரைப் பாத்துட்டு நிப்பேனா?"

"அப்படியா?" என்றார்.

கையிலிருந்த ஸ்க்ரூ விழுந்து எங்கோ உருண்டது. இரண்டு பேரும் குனிந்து தேடினோம். தேவைக்கு மேலேயே தேடினோம். கிடைக்கவில்லை. ஆம்ப் மூன்று ஸ்க்ரூவில் நிற்கிறது.

ஒற்றை சப்வூஃபரில் பாட்டு போட்டுக் காட்டினார். நிறைவாக இருந்தது, எதுவும் நடுங்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 1, புதன்

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, "ரெண்டு பேரும் சரியான லூசுங்கடி" என்றாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஆம்ப் சூடாகிறதா என்று பார்க்க வந்தார். தொட்டுப் பார்த்தார். சூடாகவில்லை. காபி குடித்தார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வயர் தளர்ந்திருக்குமோ என்று பார்க்க வந்தார். தளரவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போனார். வக்கீல் அலுவலகத்திலிருந்து அழைத்து, விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போட எப்போது வருகிறீர்கள் என்று கேட்டதாகச் சொன்னார். என்னையும் கேட்டார்கள். இந்த வாரம் தோதுப்படாது என்று இரண்டு பேருமே சொல்லியிருக்கிறோம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மதியம் அக்கா போன் செய்தாள். அத்தான் மால் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட கதை. லிஃப்ட்டுக்குள் கூட இருந்தது, அன்று காலை உடம்பு சரியில்லை என்று அத்தான் லீவு சொன்ன அதே மேனேஜர். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர்.

வாசல் கதவு திறந்தது. அவர். செருப்பைக் கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றார், திரும்பிப் போய்விடுவாரோ என்பது போல. நான் போனை வைக்கவில்லை. உட்காருங்கள் என்று கையால் நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார்.

"யாருடி வந்திருக்கிறது?" என்றாள் அக்கா.

"அவர்தான். ஆம்ப் பாக்க வந்திருக்கார்."

"அதுக்கு என்ன கேடு?"

"ஒண்ணும் இல்லை. நல்லாத்தான் ஓடுது. நீ மிச்சத்தைச் சொல்லு."

அவருக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன்.