பெரியப்பா வண்டியில் ஏறாதே

அன்பு மகள் பெர்மெட்டுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்குக் குறைவொன்றும் இல்லை, மாடும் ஆடுகளும் சுகம். நீயும் குழந்தை எலாமனும் சமாராவிலிருந்து அந்த ரயிலில் மேல்வலி கால்வலி இல்லாமல் பிஷ்கெக்கில் வந்து இறங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் போட்டுப் போட்டு என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம், எல்லை தாண்டியதும் உன் ரஷ்ய நம்பர் செத்துப்போய்விட்டது, அதனால்தான் கடிதம். இதை உன் கையில் கொடுப்பவர் உன் பெரியப்பா. அவர் எதிரில் படிக்காதே. குழந்தைக்குத் துணி மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பெஞ்சில் ஒதுங்கி உட்கார்ந்து படி. படித்து முடிக்கிற வரைக்கும் ஒரு பையைக்கூட அவர் வேனில் ஏற்றாதே.

எலாமன் நடக்கத் தொடங்கியதற்கான கால்கயிறு வெட்டும் விருந்துக்கு எல்லாம் தயார். அவன் கால்களில் கட்டக் கறுப்பும் வெள்ளையும் சேர்த்துக் கயிறு நானே முறுக்கி வைத்திருக்கிறேன், ஆடும் ஒதுக்கியாயிற்று, ஓடி வந்து கயிற்றை வெட்டுவதற்குத் தெருப் பெண்கள் இப்போதே சண்டை போடுகிறார்கள். இந்தச் சந்தோஷத்தை எழுதத்தான் ஆசை, ஆனால் நேரம் இல்லை. நெட்டையர் (புருஷனின் அண்ணன் பேரைச் சொல்ல என் நாக்கு எழாது, நான் யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்) பெட்ரோல் போடப் போயிருக்கிறார், திரும்பி வந்து ரொட்டி மூட்டையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதற்குள் சொல்லியாக வேண்டும்.

அவருடைய அந்த ஜப்பான் வேனுக்கு உதிரி பாகம் செய்வதைக் கம்பெனிக்காரன் எப்போதோ நிறுத்திவிட்டான். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை வண்டியின் அடிச்சட்டத்தோடு சேருகிற இடத்தில் வளையம் போல ஒரு ரப்பர் புஷ் இருக்கிறதே, அதுதான் இங்கே அந்த ரக வேன் எல்லாவற்றிலும் நைந்து போய்க் கிடந்தது. வசந்த காலத்தில் உன் அப்பா நெட்டையரின் வேனிலிருந்து ஒன்றைக் கழற்றி வெர்னியரால் உள்வட்டம், வெளிவட்டம், நீளம் எல்லாம் அளந்தார். நான்தான் டார்ச் பிடித்தேன். ரப்பரில் பிறைபோல இரண்டு இடைவெளி இருந்தது. பாவம், நன்றாகக் கிழிந்திருக்கிறது என்றார், நானும் ஆமாம் போட்டேன். எங்கள் சாலையில் கிழியாத ரப்பரை யார் பார்த்தோம்? அந்த வேனெல்லாம் பத்து வருஷம் ஓடி முடித்த பிறகுதான் நம் ஆட்-பாஷிக்கு வருகிறது, புதிய புஷ் எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் ஒருவரும் கண்டதில்லை. அதே அளவில், கிழிசலை அடைத்துக் கெட்டியாகப் புது புஷ் வார்த்துவிட்டோம். கலந்தால் ரப்பராக இறுகும் இரண்டு திரவத்தையும் என் மாவுத் தராசில் நிறுத்துக் கலந்தவள் நான். ஊர் வேன்களில் மாட்டின பிறகு லொடலொட சத்தம் நின்றது, உன் அப்பாவை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். தன் வேனுக்கும் மாட்டிக்கொண்ட ஷாய்லோபெக் ஒரு ஆட்டுத் தொடையே கொண்டுவந்து கொடுத்தான்.

போன வாரம் அந்த ஷாய்லோபெக்கின் வேன் சந்தை வாசலில் மெதுவாகத் திரும்பும்போது முன்சக்கரம் மடங்கிப் படுத்துவிட்டது, கால் ஒடிந்த குதிரை மாதிரி. ஆள் பிழைத்தான், நடக்கிற வேகம்தான் என்பதால். உன் அப்பா கீழே குனிந்து பார்த்தார், புஷ் கல்லாட்டம் அப்படியே இருந்தது, அதைப் பிடித்திருந்த இரும்புத் தகடுதான் கிழிந்திருந்தது. அன்றே நாரின் நகரத்துக்குப் போய் உடைசல் வண்டிக் கடைகளைத் துழாவி, அதிகம் ஓடாத வேன் ஒன்றிலிருந்து ஒரு புஷ் எடுத்துவந்தார். ரப்பர் பளபளவென்று இருக்கிறது, அதிலும் அதே இடத்தில் அதே இரண்டு பிறை. மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது கிழிசல் இல்லை பெர்மெட், வேண்டுமென்றே விட்ட இடம். அந்த இடைவெளியில்தான் இரும்புக் கை அசைந்து கொடுக்குமாம், அதை அடைத்தால் அத்தனை அடியும் தகட்டுக்குப் போகுமாம். அன்றிலிருந்து மனுஷர் சரியாகச் சாப்பிடவில்லை.

வீடு வீடாகப் போய் நாங்கள் வார்த்த புஷ்ஷைக் கழற்றச் சொன்னார். மற்றவர்கள் முனகிக்கொண்டே வண்டியை நிறுத்தினார்கள். நெட்டையர்தான் சிரித்தார். “டேய் தம்பி, நீ வாழ்நாள்ல உருப்படியா செஞ்சது இது ஒண்ணுதான், இதையும் கழட்டிப் போடச் சொல்றியா? என் பேரன் எலாமனை நான் கூட்டிட்டு வந்து எறக்கினதுக்கப்புறம் நீ வண்டிய அக்கு வேறா ஆணி வேறா பிரிச்சுக்கோ” என்றார். இன்று காலை அவர் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது உன் அப்பா வேனுக்கு அடியில் நுழைந்து பார்த்துவிட்டு வந்தார். வலதுபக்கத் தகட்டில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடுகிறது. முற்றத்தில் அண்ணனை நிறுத்தி, இன்றைக்குப் போக வேண்டாம் என்று ஆரம்பித்தார். நெட்டையர் கையால் தம்பியின் வாயைப் பொத்திவிட்டார். “கெளம்புற நேரத்துல ஒடையும்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா ஒடைஞ்சுடும். வழி வெள்ளையா இருக்கட்டும்னு வாழ்த்திச் சொல்லு, வேற எதுவும் சொல்லாத.” உன் அப்பா கைகளை ஏந்தி அதையே சொன்னார். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். பயணம் போகிறவருக்கு எதிராக வாய் திறக்கக் கூடாது, புருஷனின் அண்ணனுக்கு எதிராக வீட்டுக்கு வந்த மருமகள் வாயே திறக்கக் கூடாது, இரண்டு பூட்டு இந்த வாய்க்கு. நானும் கையை ஏந்தி, அந்த வாழ்த்துக்கு ஆமீன் என்று முகத்தைத் தடவிக்கொண்டேன். என்னை நினைத்தால் எனக்கே எரிகிறது.

இந்த வரியை நீ படிக்கிறாய் என்றால் டோலோன் கணவாயைத் தாண்டி இறங்கிவிட்டார் என்று அர்த்தம், அதற்கு முதலில் கடவுளுக்கு நன்றி சொல். மேலே நேற்றே பனி விழுந்திருக்கிறது. இறங்கினவர் மறுபடி ஏற வேண்டும், அதுவும் உன்னையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு. கேள். விரிசல் முடிகிற இடத்தில் உன் அப்பா நீ விட்டுப்போன சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருக்கிறார். விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் ஓர் அடிகூட வண்டி நகரக் கூடாது. தாண்டாவிட்டாலும் நீ ஏறாதே. குழந்தைக்கு வயிறு சரியில்லை, ஓர் இரவு பிஷ்கெக்கில் தங்க வேண்டும் என்று சொல், பேரனுக்கு என்றால் அவர் உருகிவிடுவார். பொய்யாக நோய் சொல்வது ஆகாது என்பார்கள், அந்தப் பாவம் என் தலையில் விடியட்டும். பிறையோடு வார்த்த புது புஷ் அச்சில் இறுகிக்கொண்டிருக்கிறது, நாளைக்கு உன் அப்பா அதையும், வெல்டிங் போடத் தெரிந்த ஷாய்லோபெக்கையும் கூட்டிக்கொண்டு வாடகைக் காரில் அங்கே வந்துவிடுவார். அதுவரை எப்படியாவது நிறுத்தி வை. பொய் பலிக்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தையே அவர் கையில் கொடு, அம்மா எழுதினாள் என்று சொல்.

குழந்தைக்குக் காதை மூடிக் கட்டு, வெறும் தரையில் உட்கார வைக்காதே. ரொட்டி மூட்டையை அவரிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடு, வெண்ணெய் தனியாக வைத்திருக்கிறேன். நீயும் உன் பிள்ளையும் தழைத்து நூறு வயது இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, நெட்டையர் திட்டுவார், என்னைப் பேர் கெட்டவள் என்பார், இனி நம் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றும் சொல்வார். சொல்லட்டும். ஆயுசு முழுக்க என்மேல் கோபமாக இருக்கட்டும் மகளே, கோபப்பட அவருக்கு ஆயுசு இருக்கட்டும்.

உன் அம்மா
சைராகுல்
ஆட்-பாஷி