நன்றிக்கு நீ வைத்திருந்த பதில்

என் பிளோரா,

உன்னை அடக்கம் செய்த அன்று உன் மகள் ஸ்டெல்லா எனக்கு நன்றி சொன்னாள். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் முழித்தேன். எத்தனை கப்பல்காரர்களுக்கு நாம் இரண்டு பேரும் பதில் சொல்லியிருப்போம்! நீ இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் நாம் வேலை பார்த்த லாட்ஜ் ஞாபகம் இருக்கிறதா? கரையிறங்கும் கப்பல்காரர்கள் வரவேற்பு மேசையில் சாவியை வாங்கிக்கொண்டு "தேங்க் யூ" என்பார்கள். நாம் தலையை ஆட்டிச் சிரிப்போம். நம் ஊரில் அதுவே பெரிய மரியாதை. மேனேஜர் அண்ணாச்சிதான் பிடித்துக்கொண்டார்: "பொம்ம மாதிரி தலைய ஆட்டாதீங்கம்மா, வாயத் தொறந்து பதில் சொல்லுங்க."

அன்றிலிருந்து மத்தியான வேளையெல்லாம் ஒத்திகைதான். நான் கப்பல் கேப்டன், நீ நீயேதான். சாவி கொடுத்தால் 'யூ ஆர் வெல்கம்'. பெட்டி தூக்க ஆள் அனுப்பினால் 'நோ பிராப்ளம்'. வயதானவர் என்றால் 'மை பிளஷர்'. "சாவிய எடுத்துக் குடுக்கதுல என்னக்கா பிளஷர் வேண்டிக் கெடக்கு?" என்று கேட்டாய். 'டோன்ட் மென்ஷன் இட்' உனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. "ஒருத்தரு நல்ல மனசோட நன்றி சொல்லுதாரு, அவருட்ட போய் அதப் பேசாதீரும்னு சொல்லுததா?" உன் நியாயம் உனக்கு.

அப்புறம் நிஜமாகவே ஒரு வயதான கேப்டன் வந்தார். அவர் சட்டையில் அறுந்திருந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தாய். அவர் "தேங்க் யூ" என்றதும் படித்ததெல்லாம் உனக்கு மறந்துவிட்டது. திடீரென்று "யூ... ஈட்?" என்றாய். நம் வீடுகளில் யார் வந்து நின்றாலும் முதலில் கேட்பதைத்தான் கேட்டாய். அவர் "நோ" என்றார்.

கேட்டாச்சு, இனி விட முடியுமா? உன் டிபன் பாக்ஸைத் திறந்து அவர் முன்னால் வைத்துவிட்டாய். பாறை மீன் குழம்பின் உறைப்பில் கண்ணும் மூக்கும் ஒழுக, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் "தேங்க் யூ" என்றார். அப்போதுதான் 'யூ ஆர் வெல்கம்' உன் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு என் சோற்றில் பாதியை நீதான் தின்றாய். அந்த மத்தியானங்கள் இனி எங்கே கிடைக்கும், சொல்லு?

இப்போது அந்த மேசையில் சின்னப் பெண்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் 'நோ வொரீஸ்' என்கிறார்கள். சட்டென்று அழகாகச் சொல்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

உன் சாவுக்குப் பெங்களூரிலிருந்து வந்த ஸ்டெல்லா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உன் பெட்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்று, வந்தவர்களுக்கெல்லாம் ஆபீஸில் பேசுவதைப் போல நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. பிள்ளை இப்படியே இறுகிப்போய் ஊர் திரும்பிவிடுமோ, தனியாக அங்கே என்ன பாடு படுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

கல்லறைத் தோட்டத்து வாசலில் என் கையைப் பிடித்தாள். "தேங்க் யூ ஃபார் எவ்ரிதிங், பெரியம்மா."

நாம் படித்த பதில்கள் எல்லாம் தொண்டைவரை வந்தன. உன்னை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்து நின்று 'மை பிளஷர்' என்றா சொல்வேன்? 'வெல்கம்' என்றா? கடைசியில் வாயில் வந்தது உன் பதில்தான்.

"சாப்ட்டியாளா?"

அவள் என்னையே பார்த்தாள். "அம்மா போன எடுத்ததும் மொதல்ல இதத்தான் கேப்பா" என்றாள். அவ்வளவுதான். என் தோளில் விழுந்து அழுதாள் பார், அப்படி ஓர் அழுகை. நானும் அழுதேன். பிறகு மில்லர்புரத்துக்கு என் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டேன். இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், பிளோரா. என் மூச்சு உள்ளவரை அந்தப் பிள்ளையிடம் இதைக் கேட்க ஆளில்லாமல் போகாது. தினமும் சாயங்காலம் போன் செய்கிறேன். நேற்றுக் கேட்டதற்கு, "இனிமத்தான் பெரியம்மா. நீங்க சாப்ட்டீங்களா?" என்றாள்.

என்னை அப்படித் திருப்பிக் கேட்க, நீ போனபின் யாருமில்லை என்று நினைத்திருந்தேன்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
செல்வக்கனி